பன்னீர்செல்வத்தின் கன்வர்ட்டர்

நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கட்சாலில் காடு வெட்டிக்கொண்டிருந்த புல்டோசர், மழை பிடிக்கிற நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. இஞ்சின் உறுமும், வண்டி நகராது. ஃபிட்டர் குழந்தைவேலு அடியில் புகுந்து பார்த்தார். எண்ணெய் கருகி டிகாஷன் மாதிரி வடிந்தது. இஞ்சின் சுழற்சியை வண்டிக்குக் கடத்துகிற டார்க் கன்வர்ட்டர் போயிருந்தது.

அவருக்கு அந்தச் சாமானையே பிடிக்காது. கிளட்ச் வண்டியில் தகடு தகட்டைப் பிடிக்கும்; பிடித்ததா விட்டதா என்று காலுக்குத் தெரியும். இது அப்படியில்லை. இரண்டு உருளிகளை வாயோடு வாய் வைத்து மூடின மாதிரி ஓர் உருண்டை, உள்ளே எண்ணெய். இஞ்சின் ஒரு பக்கத்தைச் சுற்றினால் எண்ணெய் போய் மறுபக்கத்தைத் தள்ளும். இரும்பும் இரும்பும் தொடுவதே கிடையாது. தொடாமல் தள்ளுகிற எதையும் அவர் நம்பினதில்லை.

மாற்றிப் போட இரண்டு இருந்தன. ஒன்று, மெயின்லண்டிலிருந்து கப்பலில் வந்த புதுசு, பெட்டியோடு. மற்றது, ஓடைப் பள்ளத்தில் தள்ளிவிட்டிருந்த, இதே ஜாதிப் பழைய புல்டோசருக்குள். அதை ஓட்டின பன்னீர்செல்வம் அதனடியிலேயே செத்துப்போனான். கிளட்ச் வண்டியில் பழகினவன். அதில் கியரோடு முட்டி நின்றால் இஞ்சின் அணைந்துவிடும். இதில் அணையாது. மரத்தூரில் முட்டிய வண்டி சாதுவாக நிற்கிறதே என்று, கியரை எடுக்காமல் இறங்கி, தூருக்குச் சங்கிலி மாட்டக் குனிந்தான். தூர் பெயர்ந்தது. அதுவரை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்த எண்ணெய், வண்டியை அவன்மேல் ஏற்றிவிட்டது.

"புதுசைப் போடுய்யா," என்றார் காண்டிராக்டரின் ஆள் பக்தவத்சலம். "செத்தவன் சாமானை எவனாச்சும் எடுப்பானா? நாம இருக்கறது ஜங்கிள்."

"இது சின்ன இஞ்சினுக்குச் செஞ்சது சார். கெட்டுப்போனதுகூட வெச்சுப் பாருங்க, ஒரு சாண் குறைச்சல். நம்ம இஞ்சினுக்குப் போட்டா எண்ணெயைக் கடையும், தள்ளாது. மேட்டுல ஏறும்போது வழுக்கிக்கிட்டுப் பின்னால வரும். பின்னால கடல்."

"புதுசை ஏன் போடலைன்னு காண்டிராக்டர் சாப் கேட்டா என்ன சொல்ல?"

"அளவு பாக்காம, மெயின்லண்டுல எடை போட்டு வாங்கினதுன்னு சொல்லுங்க."

பக்தவத்சலம் சிரிக்கவில்லை. "ஓட்டப்போறது உன் மருமகன். ரெண்டுல எதுன்னு நீயே பார்த்துக்க."

மருமகன் சொக்கலிங்கம் அவருக்கு அக்காள் மகனும்கூட. சோறு கொண்டுவந்த மகள் ஜெயமணி தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"பன்னீரண்ணன் வண்டிச் சாமானாப்பா? என் வீட்டுக்காரருக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"புதுசு போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு உனக்கு எவன் சொன்னான்? சோத்தை வெச்சுட்டுப் போ."

தூக்குச்சட்டியைத் திறக்காமலே யோசித்தார். பேய்க்குப் பயப்படுவதா, மேட்டுக்குப் பயப்படுவதா? பேயை அவர் பார்த்ததில்லை. வழுக்கி வரும் வண்டியைப் பார்த்திருக்கிறார்.

மாமனும் மருமகனுமாகப் பள்ளத்தில் இறங்கினார்கள். வருஷக்கணக்காகக் கிடந்த வண்டி, மேலெல்லாம் கொடி படர்ந்திருந்தது. போல்ட்டைத் தளர்த்தியதும் எண்ணெய் சொக்கலிங்கத்தின் கையில் வழிந்தது. அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"மாமா, சூடா இருக்கு."

"வெயிலு காலம்."

"இங்க எங்க மாமா வெயிலு விழுது?"

குழந்தைவேலு விரலை வைத்துப் பார்த்தார். இப்போதுதான் வேலை முடித்து நிறுத்திய வண்டியின் சூடு.

"வாயை மூடிக்கிட்டு ஸ்பானரை எடு," என்றார்.

சாமான் சுத்தமாக இருந்தது. மாட்டினார்கள். மறுநாள் காலை வண்டி மேட்டில் ஏறினபோது வழுக்கலே இல்லை. சேற்றிலும் பிடித்துப் பிடித்துப் போயிற்று. கூலிக்காரர்கள் மட்டும் கிட்டே வராமல் தள்ளி நின்றார்கள்.

மேட்டு உச்சியில் ஒரு பெரிய தூர். சொக்கலிங்கம் வண்டியின் முன்கத்தியை அதில் முட்டக் கொடுத்தான். வண்டி முக்கியது, நின்றது. அவன் சங்கிலியை எடுத்துக்கொண்டு குதித்தான். இறங்கினால் நியூட்ரல், இறங்கினால் நியூட்ரல் என்று மாமன் தொண்டை கிழியச் சொல்லியிருந்தார்.

அவன் கத்திக்கு முன்னால் குனிந்த நேரம், நனைந்த மண் விட்டுக்கொடுத்தது. தூர் பெயர்ந்து அவனுக்குப் பக்கத்தில் உருண்டு சரிவில் போய்விட்டது. கத்திக்கும் அவனுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

வண்டி வரவில்லை.

இஞ்சின் ஓடியது. முழு வண்டியும் கயிற்றில் இழுத்துப் பிடித்த காளை மாதிரி நடுங்கியது. செயின் பட்டை ஒரு பல்கூட நகரவில்லை.

குழந்தைவேலு பாய்ந்து ஏறினார். கியர்க் கம்பி முன்னால் தள்ளியபடியே இருந்தது. சீட்டில் யாருமில்லை. பிரேக் மிதி அடித்தட்டுவரை அமுங்கிக் கிடந்தது.

"டேய், வெளிய வாடா!"

சொக்கலிங்கம் சங்கிலியை உதறிவிட்டு ஒதுங்கினான். "என்ன மாமா? நியூட்ரல் போட்டுட்டுத்தானே இறங்கினேன்?"

குழந்தைவேலு கம்பியை நியூட்ரலுக்கு இழுத்தார். வண்டியின் நடுக்கம் அடங்கியது. மிதி மட்டும் எழும்பவில்லை. அதை எட்ட நின்று பார்த்தார். காலால் தொட அவருக்குத் தைரியமில்லை.

"மாப்ள வெளிய வந்துட்டான்பா," என்றார், பக்கத்தில் நிற்பவனிடம் பேசுகிற குரலில். "காலை எடு."

மிதி அசையவில்லை.

அவனும் யாரையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை போலும். குழந்தைவேலு கம்பியை இன்னொரு தரம் ஆட்டிக் காட்டினார்.

"நியூட்ரல் போட்டாச்சு, பன்னீரு. நானே போட்டேன். பாரு."

மிதி, மெல்ல, ஒரு ஆள் காலை எடுக்கிற மாதிரி மேலே வந்தது.