மூன்று வருட விக்கல்

"சார், மேனேஜர் பதவியை எனக்குக் கொடுங்க."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். வேலை போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

சிராங்கூன் சாலையில் டியூஷன் சென்டர் நடத்தும் முதலாளி குலசிங்கம் சிரித்தார். "பொறும்மா, சின்ன ஹிக்கப் லா."

போன வருடம் பதவி தராததற்கு அவர் சொன்ன தடங்கலின் பெயர் 'சேலஞ்ச்'. அதற்கு முந்தைய வருடம் 'டீத்திங் ப்ராப்ளம்', பல் முளைக்கிற தொல்லையாம்.

"ஹிக்கப்னா விக்கல்தானே சார்? விக்கினா யாரோ நம்மள நினைக்கிறாங்கன்னு சொல்வாங்க. மூணு வருஷமா எனக்கு விக்குது. நீங்க ஒருதடவைகூட நினைக்கலையே?"

"நல்ல ஜோக்! அடுத்த வருஷம் பாப்போம்."

"அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேன்."

காலையிலேயே எழுதிவிட்ட ராஜினாமாக் கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தேன்.