ரெக்ஸ் குரைக்காத ஆள்

பங்குச் சுவாமியை ரெக்ஸ் கேற்றடியில் மறித்து வைத்திருந்தது. வீடு மந்திரிக்க வந்த மனிதர், ஒரு கையில் தீர்த்தப் போத்தலும் மறு கையில் சுருட்டிப் பிடித்த அங்கியுமாகத் தாழ்வுபாட்டுக் கடற்கரை வெயிலில் அசையாமல் நின்றார். அது பல்லைக் காட்டிக் குரைத்துக்கொண்டிருக்கும்போதே நண்டுக் கூடையோடு ஒருவன் அவரைத் தாண்டி உள்ளே வந்தான். கூடையைக் கிணற்றடியில் இறக்கினான், முகம் கழுவினான், ரெக்ஸின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் யாரென்று வீட்டுக்காரி கிறிஸ்ரினாவுக்கே தெரியாது. ரெக்ஸ் அவனுக்கு வாலாட்டி வழியனுப்பிவிட்டு மறுபடி சுவாமியிடம் திரும்பியது.

“பாத்தீங்களே சுவாமி, ஒரு ஈ காக்கா உள்ளுக்க வரேலாது,” என்று அவளுடைய புருஷன் எமிலியானுஸ் நாயின் சங்கிலியை இழுத்துப் பிடித்தபடி பெருமைப்பட்டான்.

ஈயும் காக்காயும்தான் வராது, மற்ற எல்லாம் வரும் என்று கிறிஸ்ரினா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். நாலு மீன்பிடிப் போட்டுக்கு முதலாளி, அந்தத் தெருவில் முதன்முதல் மதில் கட்டிய ஆள், இந்தச் சின்ன விசயம் விளங்கவில்லை. நாயை வாங்கியது நீர்கொழும்பில். மீன் ஏற்றிப்போன கூலர் லொறி திரும்பி வரும்போது, வெறும் மீன்பெட்டி ஒன்றுக்குள் குட்டியை வைத்துக் கொண்டுவந்தார்கள். அல்சேஷனுக்கு இறைச்சி போட வேண்டும் என்று விற்றவன் சொல்லியனுப்பினான். இறைச்சி வாங்க எமிலியானுஸுக்கு மனம் வருமா? கரையால் வருகிறவர்கள் எல்லாரும் குடலையும் மிஞ்சிய பொடிமீனையும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு போட்டான். ரெக்ஸ் அப்படியே வளர்ந்தது. மீன் மணத்தோடு யார் வந்தாலும் அதற்குச் சோறு வருகிறது என்று அர்த்தம். சவர்க்காரமும் சென்ற்றும் மணந்தால் எதிரி. இந்த ஊரில் மீன் மணக்காத ஆட்கள் யார்? சுவாமி, விதானையார், வங்கிக்காரர், தடுப்பூசி போட வருகிற மிஸ். இவர்கள்தான் அந்த வீட்டுக்குக் கள்ளர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் குளித்து வெளிக்கிட்டால் எமிலியானுஸைப் பார்த்தே உறுமும். அவன் அதைப் பகிடி என்று சொல்லிச் சிரிப்பான்.

நாய் போதாதென்று கைத்துப்பாக்கி வேறு. தோட்டவெளி ஊரில் ஒரு வீட்டில் நகை போனதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்தச் சூரப்புலிக்கு நித்திரை இல்லை. கொழும்பில் யார் யாரையோ பிடித்து, கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, லைசென்ஸ் எடுத்தான். கொண்டுவந்த அன்று அதை மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்கப் பயம் வந்துவிட்டது. பிஸ்ரலை அலுமாரிக்குள் பூட்டித் திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டான். ரவையையும் துவக்கையும் ஒன்றாக வைத்தால் ஆபத்து என்று யாரோ சொன்னதால், ரவைகளை அந்தோனியார் சுருவத்துக்குப் பின்னால் ஒளித்தான். ஆக, கள்ளன் மதில் ஏறிக் குதித்தால் எமிலியானுஸ் எழும்ப வேண்டும், அரைஞாணை அவிழ்க்க வேண்டும், அலுமாரியைத் திறக்க வேண்டும், பிறகு புனிதரை நகர்த்த வேண்டும். அதுவரைக்கும் கள்ளன் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவர் என்றபடியால் அந்தோனியாரையே காவலுக்கு வைத்தான் போலும். உப்புக்காற்றில் கேற்றுக் கொளுக்கியே உக்கி உதிர்கிறது, இந்த இரும்பு மட்டும் உங்களுக்காகக் காத்திருக்குமா என்று ஒருநாள் கேட்டாள். பொம்பிளையளுக்கு ஆயுதம் விளங்காது என்றான்.

மதிலுக்கு வெளியே அவளுக்கு ஒரு பயமும் இல்லை. அவளுடைய பயம் பின்வாசலால் வந்தது. ரொபின்சன், எமிலியானுஸின் சித்தப்பா மகன், போட்டுகளை மேய்க்கிறவன். கறிக்கு மீன் கொண்டுவருகிற சாட்டில் நேரே குசினிக்குள் வந்து நிற்பான். முதலில் பார்வை, பிறகு பகிடி. திருநாளுக்குக் கொடியேறிய கிழமை கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

“ஏன் அண்ணி பயப்பிடுறியள்? நான் என்ன வெளியாளே?” என்று சிரித்தான். வாசற்படியில் ரெக்ஸ் அவன் போட்ட மீன்தலையைச் சப்பிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள்.

“ரெக்ஸ் குரைச்சதோ?” அவனுடைய முதல் கேள்வி அதுதான்.

“இல்லை.”

“பிறகென்ன? கெட்ட நினைப்போட வாறவனை அது மணந்து பிடிச்சிடும். அவன் என்ர சித்தப்பான்ர பெடியன். நீதான் பிழையா விளங்கிப்போட்டாய்.”

“அப்ப அலுமாரித் திறப்பை என்னட்டத் தாங்கோ.”

“விசர்க்கதை கதையாத. லைசென்ஸ் என்ர பேரில. நீ தொட்டாலே பொலிஸ் பிடிக்கும்.”

ஒரு நாயின் வாய்க்கு இருந்த மதிப்பு தன் வாய்க்கு இல்லை என்று கிறிஸ்ரினாவுக்கு அன்று விளங்கியது. அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. வீட்டுக்குள் பாம்பை விட்டுவிட்டு வேலிக்கு முள் அடைக்கிற மனிதனோடு என்ன பேசுவது? அவள் கேட்டது பெரிய காரியமா? தன்னுடைய குசினியில், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, நிம்மதியாகச் சமைக்க வேண்டும். அவ்வளவுதான். இத்தனை மதிலும் நாயும் துவக்கும் சேர்ந்து அதைத் தர முடியவில்லை. அன்றிலிருந்து வாசலைப் பார்த்துப் பக்கவாட்டில் திரும்பி நின்றே கறி கூட்டினாள். இடுப்பு நொந்தது.

வருடம் முடிய, லைசென்ஸைப் புதுப்பிக்கத் துவக்கைப் பொலிஸில் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய நாள் வந்தது. எமிலியானுஸ் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்தான். மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த சென்ற்றைக் கழுத்திலும் கமக்கட்டிலும் அடித்தான். கறுப்புக் கண்ணாடி போட்டான். பிஸ்ரலை இடுப்பில் செருகிக்கொண்டான், ரவைகளைக் கொண்டுபோகத் துணிவில்லாமல் அந்தோனியாரிடமே விட்டான். சேர்ட் கசங்கிவிடும் என்று மோட்டச்சைக்கிளையும் விட்டுவிட்டு ஓட்டோ பிடித்தான். ரெக்ஸ் அந்த நேரம் கொல்லையில் யாரோ போட்ட குடலைத் தின்றுகொண்டிருந்தது.

“நான் வருமட்டும் பயப்பிடாத. ரெக்ஸை அவிட்டு விட்டிருக்கிறன்,” என்று சொல்லிவிட்டு மன்னாருக்குப் போனான்.

மத்தியானம் போலக் கிறிஸ்ரினா குசினியில் குந்தியிருந்து கணவாய் மீன் துப்பரவாக்கினாள். மைப்பை உடைந்து இரண்டு கையும் மணிக்கட்டுவரை கறுத்துப்போயிருந்தன. ரொபின்சன் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. நாய் குரைத்தால்தானே தெரியும். கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

“அண்ணை ரவுணுக்குப் போயிட்டாராம்,” என்றான்.

“வெளிய போ,” என்று எழும்பினாள். அவன் அவளுடைய தோளைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தான். அவள் உயிர் போகக் கத்தினாள். அந்த நேரம் முற்றத்தில் ரெக்ஸ் வெறி பிடித்ததுபோலக் குரைக்கத் தொடங்கியது. ஒரே ஒரு கணம் அவள் நம்பினாள். நாய்க்குப் புத்தி வந்துவிட்டது, கதவை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே பாயப்போகிறது என்றே நம்பினாள். ஆனால் குரைப்புச் சத்தம் கிட்ட வரவில்லை. அது கேற்றுப் பக்கமாகப் போனது. அதோடு புருஷனின் குரலும் கேட்டது.

“ரெக்ஸ்! டேய், நான்ரா! கிறிஸ்ரினா, இந்த நாயை ஒருக்காப் பிடி!”

வந்த ஆத்திரத்தில் பயம் எங்கேயோ போய்விட்டது. அண்ணனின் குரலுக்கு ரொபின்சனின் பிடி தளர்ந்த அந்த இடைவெளியில், இரண்டு கைகளையும் அவன் நெஞ்சில் ஊன்றித் தள்ளினாள். அவன் கணவாய்ச் சட்டிக்குள் கால் வைத்துச் சறுக்கி விழுந்தான். அவள் கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

கேற்றுக்கு வெளியே எமிலியானுஸ் மதிலோடு ஒட்டி நின்றான். அவன் காலை உள்ளே வைக்க வைக்க ரெக்ஸ் பாய்ந்தது. கையில் பிஸ்ரல். அதை நாய்க்கு நீட்டினான், வானத்துக்கு நீட்டினான், பிறகு எங்கே நீட்டுவதென்று தெரியாமல் வைத்திருந்தான். எதிர்வெளியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அவளுடைய கத்தலைக் கேட்டு ஓடிவந்திருந்தார்கள், மேரி ரோஸ் அக்கா முன்னால்.

நொண்டிக்கொண்டு ரொபின்சன் பின்னால் வந்தான். ரெக்ஸ் உடனே குரைப்பை நிறுத்தி, அவன் காலை மணந்து வாலாட்டியது. அவனுடைய வெள்ளைச் சேர்ட்டின் நெஞ்சில் இரண்டு கறுத்தக் கைகள் பதிந்திருந்தன, விரல் விரலாக. அவன் அதைக் கவனிக்கவில்லை.

“அண்ணை, உந்தத் துவக்கை உள்ளுக்க வையுங்கோ. சனம் பாக்குது,” என்றான்.

எமிலியானுஸ் அந்தக் கைகளைப் பார்த்தான். கிறிஸ்ரினாவின் கைகளைப் பார்த்தான். துவக்குப் பிடித்த கை தானாகக் கீழே இறங்கியது. ரொபின்சன் அவனை விலக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கினான். அங்கே பெண்கள் வழி விடவில்லை.

“எங்க போறாய் தம்பி? நில்லு,” என்றாள் மேரி ரோஸ். “உன்ர நெஞ்சில ஆரின்ர கை இது?”

அவன் அப்போதுதான் குனிந்து பார்த்தான். சேர்ட்டைக் கையால் மறைத்தான். துடைக்கத் துடைக்க அவனுடைய கையும் கறுத்தது. பெண்கள் இன்னும் நெருங்கி நின்றார்கள்.

ரெக்ஸ் மறுபடி தன் வேலைக்குத் திரும்பி எமிலியானுஸைப் பார்த்துக் குரைத்தது.

“கிறிஸ்ரினா,” என்றான் அவன் மெதுவாக. “நான் உள்ளுக்க வரவேணும். நாயைப் பிடி.”

“குரைக்குதெல்லோ,” என்றாள். “கெட்ட ஆளை அது மணந்து பிடிக்குமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

அவனைத் தாண்டித் தெருவைக் கடந்தாள். எதிர்வெளியில் பாய்களில் கருவாடு ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கத்துக்குக் காத்திருந்தது. பெண்கள் விட்டுவந்த இடத்தில், தன் வீட்டுக் கேற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். கறுத்தக் கைகளால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடத் தொடங்கினாள். முதுகுக்குப் பின்னால் நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.