பாஸ் ஆகக் கூடாத பரிசோதனை

டிரைவர் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். ஆண்டுதோறும் நடக்கும் உடல் தகுதிப் பரிசோதனையில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தாலும் டாக்டர் முன்னால் விறைப்பாக நின்று சிரிப்பார். தோற்றால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள், வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் பழக்கம் எலும்புவரை ஊறியிருந்தது. இப்போது அதே எலும்பில் புற்றுநோய்.

ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். மிச்ச நாளை வலியில்லாமல் கழிக்க, வீட்டுக்கே வந்து கவனித்துக்கொள்ளும் நர்ஸ்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நேரில் பார்த்து, நோய் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று உறுதி செய்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். தலையணையைக் கடித்துக்கொண்டு அவர் முனகுவதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன மனைவிக்கு, அந்த நர்ஸ்கள் தரும் வலி மருந்தைத் தவிர வேறு ஆசையே பாக்கியில்லை.

அப்படிப்பட்டவள் என்ன செய்தாள் தெரியுமா? நர்ஸ் வரும் நாளன்று காலை, அவர் கேட்டாரே என்று சவரம் செய்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தாள். வீட்டுக்கு ஆள் வந்தால் அப்படித்தானே செய்வோம். எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது, நர்ஸ் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

"வலி எப்படி இருக்குங்க ஐயா?"

"வலியா? அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். கல்லு மாதிரி இருக்கேன்."

"நடக்க முடியுதா?"

"ஓடவே செய்வேன். பார்க்கறீங்களா?"

எழுந்தே விட்டார் மனுஷர். மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயின, சிரிப்பு மட்டும் குறையவில்லை. நர்ஸ் தலையாட்டிக்கொண்டாள்.

"எல்லாம் பொய்!" என்று மனைவி கத்தியேவிட்டாள். "இவர் சொல்றதை நம்பாதீங்க சிஸ்டர். ராத்திரி பூரா துடிக்கிறாரு. பாத்ரூமுக்கு நான்தான் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். இந்தச் சவரம்கூட நான் பண்ணிவிட்டதுதான்!"

டிரைவரின் முகம் செத்துப்போனது. "போட்டுக் கொடுத்துட்டியே" என்றார். உட்காரப் பார்த்து, முடியாமல், அவள் தோளிலேயே சரிந்தார்.

இருவருமாக அவரைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நர்ஸ் சட்டையைத் தளர்த்தி, கை, கால், முதுகு எல்லாம் நிதானமாகப் பார்த்தாள். பிறகு வெளியே போய் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தாள்.

"நாங்க சேர்த்துக்கறோம் அம்மா. மருந்து கையோட கொண்டு வந்திருக்கேன். இப்பவே ஆரம்பிச்சிடலாம்."

"அப்பாடா!"

வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகுதான், எதற்கு அப்பாடா போட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. கட்டின புருஷன் இனிப் பிழைக்க மாட்டார் என்று ஒருத்தி உறுதி சொல்கிறாள், அதற்குப் போய் நிம்மதி. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

டிரைவர் கண்ணை மூடியபடியே அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"எதுக்கு அழற? எனக்கும் அப்பாடான்னுதான் இருக்கு" என்றார். "வலி தாங்கலடி."