ஹெர்மினே போட்ட எட்டு

சங்கத்தின் விதிப் புத்தகத்தில் பெண்கள் போட்டியிடக் கூடாது என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஒரு பொம்பளை வந்து பெயர் கொடுப்பாள் என்று அந்தப் பெரிய மனுஷர்களுக்குக் கனவிலும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தொப்பி தைத்து விற்கிற ஹெர்மினே வந்து கொடுத்தாள். பேரரசர் ஆண்ட காலத்து வியன்னாவில், டான்யூப் ஆற்றின் கிளை உறைந்து கிடந்த ஒரு குளிர்காலத்தில், ஆற்றங்கரைப் பனிச்சறுக்குச் சங்கத்தின் போட்டிப் பலகையில் முதல்முதலாக ஒரு பெண்ணின் பெயர் ஏறியது.

ஏறியதோ இல்லையோ, தலைவரும் நடுவர்களில் ஒருவருமான கோட்டெக்குக்குத் தூக்கம் போய்விட்டது. ராஜசபை ஆலோசகர் என்று பட்டம் வேறு அவருக்கு. பாவாடை தரையைக் கூட்டுகிறது, கால் எப்படிப் போகிறது என்று நடுவர்கள் எப்படிப் பார்ப்பது என்று முதலில் கேட்டார். சரி, அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று ஹெர்மினே தன் நல்ல கம்பளிப் பாவாடையைக் கெண்டைக்கால் வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். இப்போது கால் தெரிகிறதே, நடுவர்களெல்லாம் குடும்பஸ்தர்கள், அவர்கள் கண் எங்கே போகும் என்றார். மூடினாலும் குற்றம், காட்டினாலும் குற்றம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போட்டியின் முதல் பாதியில் ஆட்டமெல்லாம் கிடையாது. சறுக்குக் காலணியின் அடியில் இருக்கிற கத்தி முனையால் பனியில் ஒரு எட்டு போட வேண்டும், போட்ட கோட்டின் மேலேயே இன்னும் இருமுறை போக வேண்டும். அப்புறம் நடுவர்கள் முட்டி போட்டுக் குனிந்து, கோடு எங்கே பிசகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கோட்டுக்குத்தான் மார்க். அதனால் ஹெர்மினே கோபத்தில் சொல்லிவிட்டாள்: "நான் போடும்போது திரும்பி நின்னுக்குங்க. அப்புறம் கோட்டை மட்டும் பாருங்க."

கோட்டெக் உடனே ஒத்துக்கொண்டார். அவர் அப்படி லேசில் ஒத்துக்கொள்கிற ஆளா என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. புருஷன் கயேத்தானுக்கோ, தலைவர் இறங்கி வந்துவிட்டார் என்று ஒரே சந்தோஷம்.

போட்டி நாளில் கரை கொள்ளாத கூட்டம். வால்ட்ஸ் நடன இசை வாசிக்கிறவர்கள் ஒரு பக்கம், ரம் கலந்த தேநீர் ஒரு பக்கம். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டு போட்டார்கள், நடுவர்கள் குனிந்து பார்த்து மார்க் சொன்னார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டதும் கோட்டெக்கும் மற்ற இரண்டு நடுவர்களும் முதுகைக் காட்டி நின்றார்கள், என்னவோ அவள் குளிக்கப் போகிற மாதிரி. கூட்டத்தில் சிரிப்பு. சிரிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். முதல் சுற்று வரைக்கும் சிரிப்பு காதில் விழுந்தது. அதற்கப்புறம் கத்தியின் கீழே இருந்த கோட்டைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியவில்லை. முடித்து விலகி நின்றபோது, நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

கோட்டெக் திரும்பினார். குனியவில்லை.

"இதை நீங்கதான் போட்டீங்கன்னு எந்த நடுவர் பார்த்தார் அம்மணி? பார்க்காததுக்கு எப்படி மார்க் போடறது?"

 இத்தனை சனம் பார்த்ததே என்றாள் ஹெர்மினே. சனங்கள் நடுவர்கள் இல்லையே என்று அவர் நயமாகச் சொல்லிவிட்டு, பனியைக் கூட்டித் துடைக்கிற ஆட்களுக்குச் சைகை காட்டினார். துடைத்துவிட்டால் தீர்ந்தது, அவள் போட்டியிட்டதாகவே இருக்காது. எத்தனை நாளாக இதை மனசுக்குள் வைத்திருந்தாரோ, பாவி மனுஷன்.

அவள் நேரே போய், கோட்டில் படாமல் தாண்டி, எட்டின் ஒரு வளையத்துக்குள் நின்றுகொண்டாள்.

"முட்டி போட்டுப் பாருங்க. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன். துடைக்கிறதுன்னா என்னையும் சேர்த்துத் துடைங்க."

துடைப்பக்காரர்கள் கிட்டே வராமல் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். கயேத்தான் அவள் மேலங்கியைக் கையில் வைத்துக்கொண்டு கரையிலிருந்து கெஞ்சினான். "விட்டுடு ஹெர்மி, மானம் போகுது."

"யார் மானம்?" என்றாள், அவன் பக்கம் திரும்பாமலே. வீட்டுக்குப் போனதும் அவனுக்கும் இருக்கிறது.

வாத்தியம் நின்றுபோனது. குளிரில் கால் மரத்துப்போன கூட்டம் தரையை உதைக்க ஆரம்பித்தது. இத்தனை நேரம் அவளைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டம்தான். குனிஞ்சு பாருய்யா என்று யாரோ கத்த, இன்னும் பத்துப் பேர் சேர்ந்து கத்தினார்கள். மற்ற இரண்டு நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு முட்டி போட்டார்கள். பார்த்தார்கள், மார்க் சொல்லாமல் எழுந்து கரைப் பக்கம் நழுவினார்கள். ஊரே தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததும் கோட்டெக்கும் வேறு வழியில்லாமல் குனிந்தார்.

குறை கண்டுபிடிக்கத்தான் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கோட்டோடு கோடாகத் தவழ்ந்து ஒரு வளையம் முழுக்கப் போனார். போகப் போக முகம் மாறியது. மூன்று முறை போன கத்தியின் தடம் ஒரே கோடாகக் கிடந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். அடி வழுவழுப்பான பூட்ஸ், வயசான முழங்கால், வழுக்கி மறுபடியும் உட்கார்ந்தார். பக்கத்தில் ஹெர்மினேயைத் தவிர யாரும் இல்லை. கையை நீட்டினார்.

"கையைக் கொடுங்க அம்மணி."

"மார்க்கைச் சொல்லுங்க."

அவர் அவளை அண்ணாந்து பார்த்தார். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஆறுக்கு அஞ்சரை," என்று முனகினார்.

"எனக்குக் கேட்டுடுச்சு. கரையில இருக்கறவங்களுக்குக் கேக்கலை."

ராஜசபை ஆலோசகர் கோட்டெக், பனியில் முட்டி போட்டபடியே, அன்றைக்கு எந்த ஆணுக்கும் கிடைக்காத அவ்வளவு பெரிய மார்க்கை ஊர் முழுக்கக் கேட்கக் கத்திச் சொன்னார். அதற்கப்புறம்தான் ஹெர்மினே கையை நீட்டினாள்.