நான்கு முடிச்சுகளுக்கு நடுவே ஓர் ஊர்

1

கன்னிவாடி பஸ் தாமதமாகக் கிளம்பியதால்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மாலதி. ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியை. என் ஊர்ப்பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"உங்க ஊர்க் கிணத்த அளந்திருக்கேம்மா."

'எண்பதுகளின் கொடிய வறட்சியில் திண்டுக்கல் சமவெளி முழுவதும்...'

(இப்படித்தான் முதலில் தொடங்கினேன். செய்தித்தாள் மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.)

2

எண்பத்தேழாம் ஆண்டு. ஆராய்ச்சி மாணவியான மாலதி ஊர் ஊராகக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்துகொண்டிருந்தார். எங்கள் ஊரில் அவரிடம் பேசியவள் என் அம்மா சிவனம்மாள்.

"கயிறு அம்புட்டையும் விட்டாச்சு. வாளி நனையல தாயி."

அளவுகளைக் கணினியில் கொடுத்தால், அளக்காத இடங்களிலும் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று கணித்து அது வரைபடம் போடும். வரைபடம் எந்த ஊரை வறண்டதாகக் காட்டுகிறதோ, அங்கேதான் போர் போடும் லாரி போகும்.

வந்த வரைபடத்தில் எங்கள் ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை.

3

காரணம் எளிது. மென்பொருள் நிலத்தின்மேல் ஒரு வலையை விரித்து, முடிச்சு விழும் இடங்களில் மட்டும் கணக்குப் போடுகிறது. கண்ணி எவ்வளவு பெரிது என்று நாம் சொல்லாவிட்டால், அதுவே ஓர் அளவை எடுத்துக்கொள்ளும். எங்கள் கிணறு நான்கு முடிச்சுகளுக்கு நடுவே விழுந்துவிட்டது. நான்கிலும் தண்ணீர்.

மாலதி, கணினி அறைப் பொறுப்பாளர் சூசைமாணிக்கத்திடம் போனார்.

"கண்ணியச் சின்னதாக்கி ஓட்டணும் சார்."

"பொழுதுக்கும் ஓடுமேம்மா. சின்னதாக்குனா புதுசா எதும் தெரிஞ்சிருமா?"

"தெரியாது சார். அளந்தது மறையாம இருக்கும்."

அப்போது கணினியில் ஓடிக்கொண்டிருந்தது சூசைமாணிக்கத்தின் சொந்த ஆய்வேட்டுக் கணக்கு. அன்று முடியாவிட்டால் அவருக்குக் கெடு தவறிவிடும்.

"என்னோடத நிப்பாட்டிர்றேன். நீ உக்காரு."

(இவ்வளவு நல்லவரை நீங்கள் நம்புவீர்களா என்று சந்தேகம் வந்தது. 'எரிச்சலோடு நாற்காலியைத் தள்ளிவிட்டு' என்று எழுதிப் பார்த்தேன். மாலதி அப்படிச் சொல்லவில்லை. எடுத்துவிட்டேன்.)

4

பிரிண்டர் வரிவரியாகக் கக்கிய தாளில், எங்கள் ஊர் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு குழி விழுந்திருந்தது.

லாரி வந்தது. தண்ணீரும் வந்தது. எனக்கு அப்போது இரண்டு வயது. முதல் குடத்தை அம்மா என் தலையில் ஊற்றினாளாம். குளிப்பாட்டி அத்தனை நாளாகியிருந்தது.

5

நன்றி சொல்ல மாலதி போனபோது சூசைமாணிக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். பட்டம் வாங்கினாரா, அது தெரியவில்லை.

முடிவு ஒன்று: மறு வருடமே வாங்கிவிட்டார். முடிவு இரண்டு: வாங்கவே இல்லை, ஆனாலும்...

இல்லை, அவருடைய வாழ்க்கையை நான் ஊகித்து நிரப்பக் கூடாது. சார், இதைப் படித்தால் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இன்று காலையும் அந்தப் போர்க் குழாயில்தான் தண்ணீர் பிடித்தோம்.