ஏற்கெனவே ஏறிவிட்டவர்

1
மனித குலத்துக்கு ஓர் அறிவிப்பு. விமான நிலையப் பாதுகாப்பில் உள்ள மாபெரும் ஓட்டை ஒன்றை இக்கதை அம்பலப்படுத்தப் போகிறது. அனைவரும் எழுந்து நிற்கவும்.

சரி, உட்காருங்கள். ஓட்டையைக் கண்டுபிடித்தது நானல்ல, என் புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவர். போன வாரம் வயிற்றெரிச்சல் தாங்காமல் சொன்னார். பரிதாபப்பட்டுக்கொண்டே முதல் வரியை யோசித்தேன். எழுத்தாளன் புத்தி.

2
'விடியலின் செந்நிறக் கதிர்கள் கண்ணாடிச் சுவரில்...'

வேண்டாம். அவர் கதிரையா பார்த்தார்? பதினொரு மணிக்கு வேறு ஊரில் மகளுக்குப் பதிவுத் திருமணம். அப்பாதான் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது மகளின் கட்டளை. சகலையும் அதே விமானம். டாக்ஸியில் சகலை இரண்டு போர்டிங் பாஸில் ஒன்றை உருவி நீட்டினார். பிழைதிருத்துநர் படிக்கத் தொடங்கினார், கடைசி வரியிலிருந்து. (தொழில் பழக்கம். மேலிருந்து படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை தப்பிவிடும் என்பார்.) பெயர் இருப்பதோ முதல் வரியில்.

3
வாசலில் காவலர் அடையாள அட்டையைப் பார்த்தார். பாஸைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அடுத்த இடத்தில் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, பென்சில் சீவும் பிளேடைப் பிடுங்கிக்கொண்டு, பாஸில் முத்திரை குத்தினார்கள்.

ஏறும் வாயிலில் இயந்திரம் பச்சையாய்ச் சிரித்தது. அதற்குத் தாள் போதும், ஆள் எதற்கு?

விமானத்துக்குப் போகும் நடைபாதையில் அவர் முதல் வரியை எட்டினார். சகலையின் பெயர். அப்படியே திரும்பி நடந்தார்.

[என் மனைவி கேட்டாள்: "எந்த மடையனாவது திரும்பி வருவானா? நம்புற மாதிரி எழுதுங்க." வருவார். ஒரு காற்புள்ளிக்காக ஓடுகிற அச்சு இயந்திரத்தை நிறுத்தியவர்.]

4
"இந்தாம்மா, இது என் பாஸ் இல்ல. என் சகலையோடது."

வாயிலில் இருந்த பெண் அவர் பெயரைக் கேட்டுத் தட்டிப் பார்த்தாள். "சார், நீங்க ஏற்கெனவே ஏறிட்டீங்களே."

"அப்ப இங்க நிக்கிறது யாரு?"

"அதைத்தான் சார் நானும் கேக்கிறேன்."

மேற்பார்வையாளர் வந்தார். வாக்கிடாக்கி முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். "மூணு இடத்துல செக் பண்ணியிருக்கோம். தப்பு நடக்க வாய்ப்பே இல்ல."

"நடந்த தப்பைத்தானய்யா சொல்றேன்!"

"அங்கதான் இடிக்குது. தப்பு பண்றவன் எவனாவது தானா வந்து சொல்வானா?"

உட்கார வைத்தார்கள். உள்ளே தலை எண்ணினார்கள், ஒன்று குறைந்தது. சகலையின் பெயரை அடித்தார்கள், சரியாகிவிட்டது. பிழைதிருத்துநரின் இருக்கையில், பிழைதிருத்துநராக, சகலை தூங்கியபடி பறந்து போனார். இவரை விட்டபோது மணி பதினொன்றேகால்.

5
முடிவுகள் பார்ப்போம்.

(அ) மேற்பார்வையாளர் மன்னிப்புக் கேட்கிறார். புனைவுக்கும் ஓர் அளவுண்டு.

(ஆ) கடைசி நொடியில் அப்பா மூச்சிரைக்க... அடுத்த விமானமே சாயங்காலம்தான்.

(இ) நடந்தது. மகளுக்குப் போன் போட்டார்.

"கையெழுத்து ஆயிடுச்சுப்பா. உங்க பேரைக் கூப்பிட்டாங்க. நேரமாகுதேன்னு சித்தப்பா எழுந்து உங்க பேர்லயே போட்டுட்டாரு."

"அடையாளம் கேக்கலயா?"

"போர்டிங் பாஸை நீட்டினாரு. அதுல உங்க பேருதானே இருந்துச்சு? பார்த்துட்டுச் சரின்னுட்டாங்க."

ஆக, பதிவேட்டில் ஒரு பிழை இருக்கிறது. அது இருப்பது அவருக்குத் தெரியும். போய்ச் சொன்னால் மகளின் கல்யாணம் என்னாகும்? சொல்லாவிட்டால், ஒரு காற்புள்ளியைக்கூடப் பொறுக்காத மனுஷனுக்கு ராத்திரி தூக்கம் வருமா? வாசகரே, முடிவு உங்கள் கையில்.

அவர் நன்றாகத் தூங்குகிறார்.