அத்தை சிரித்த ஆட்டம்

எங்கள் செஸ் வகுப்பு ஒரு பூட்டு சாவிக் கடைக்கு மேல்மாடியில் நடக்கிறது. கீழே சாவி அறுக்கும் மெஷின் கிறீச்சிடும் நேரத்தில் மேலே ஏதாவது ஒரு பிள்ளை ராணியைப் பறிகொடுத்திருக்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று கடைக்காரர் சொல்கிறார். நானும் பெரிய மனது பண்ணி நம்புகிறேன்.

செஸ் சொல்லிக்கொடுப்பது என்றால் பெரிய பெரிய யோசனைகளைச் சொல்லிக்கொடுப்பது என்று பெற்றோர்கள் நினைக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. என் வேலையில் முக்கால்வாசி, பிள்ளைகளின் கையை நிறுத்திவைப்பதுதான். மூளை எல்லோருக்கும் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் கை அதற்கு முன்னால் ஓடிவிடுகிறது. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் சட்டம். தொட்ட பிறகு மூளை மூச்சுவாங்க வந்து சேர்ந்து என்ன பிரயோஜனம்? அதனால் என் வகுப்பில் எல்லோரும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்துதான் யோசிக்கவேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, பிள்ளைகளைக் குளிரில் உட்கார வைத்திருப்பதாகத் தோன்றும்.

கை அடங்கினால் மட்டும் போதாது. "நகர்த்துறதுக்கு முன்னாடி சரி பாருங்க" என்று நானும் தொண்டை வற்றக் கத்திப் பார்த்தேன். சரி பார் என்றால் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், தாங்கள் நினைத்ததையே இன்னொரு தடவை நினைத்துவிட்டு, "பார்த்துட்டேன் மிஸ்" என்கிறார்கள். தன் யோசனையில் ஓட்டை தேட யாருக்கும் மனசு வராது. அதற்கென்றே பிறந்த ஆள் வேண்டும். அப்படி ஒரு ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

என் அப்பாவின் அக்கா. எனக்கு அத்தை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றால் சட்டையைப் பார்க்க மாட்டார், பட்டனில் தொங்கும் நூலைப் பார்ப்பார். வெளியூர் புறப்பட்டு, கதவைப் பூட்டி, தெருவில் இறங்கிய பிறகு ஆரம்பிப்பார். "அடுப்பை அணைச்சியா? குழாயை மூடினியா? பின்பக்க ஜன்னல்?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைவிட எரிச்சல், கேட்ட மூன்றில் ஒன்று நிச்சயமாகத் திறந்தே இருக்கும்.

ஒருநாள் அப்படித் திரும்பி வந்து குழாயை மூடும்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வகுப்பிலேயே பிள்ளைகளிடம் அத்தையைப் பற்றிச் சொன்னேன். நகர்த்துவதற்கு முன்னால் அத்தை உங்கள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அத்தை என்ன குறை சொல்வார்? "குதிரையைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டியே, அது காவல் காத்த சிப்பாயை யார் பார்த்துப்பாங்க?" என்பார். "ராஜாவை மூலையில உட்கார வச்சிட்டு வாசல்ல ஒருத்தரும் இல்லையே?" என்பார். "எதிர்ல இருக்கிறவன் இப்ப எதுக்கு அந்த மந்திரியை நகர்த்தினான், கேட்டியா?" என்பார்.

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். வகுப்பு முழுக்க உதடுகள் முணுமுணுக்கும். எல்லாப் போர்டுக்கும் பக்கத்தில் அத்தை நின்றார். தப்புகள் பாதியாகக் குறைந்தன. அத்தைக்கு மட்டும் இது தெரியாது. தெரிந்தால் அதிலும் ஒரு குறை கண்டுபிடிப்பார் என்றுதான் நான் அவரிடம் சொல்லவில்லை.

அத்தையாலும் அடக்க முடியாத ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பத்து வயது. பெயர் என்னவோ இருக்கிறது, எல்லோருக்கும் அவள் கடுகு. ஆளும் அந்த அளவுதான், எண்ணெய் காய்வதற்குள் வெடிக்கிற குணமும் அதேதான். என்னைவிட வேகமாக அவளுக்குச் சில விஷயங்கள் கண்ணில் படும். அவள் பக்கத்தில் நின்று பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தைக் கடைசியில் தூக்கிக் கொடுத்துவிடுவாள். அதுவும் ஒரே மாதிரி.

கடைசியில் இவளிடம் ராஜாவும் ராணியும், எதிராளியிடம் தனி ராஜா. இதில் ஜெயிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எதிரி ராஜாவிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தள்ளி ராணியை நிறுத்தவேண்டும். அவன் எந்தப் பக்கம் ஒரு கட்டம் போகிறானோ, ராணியும் அதே பக்கம் ஒரு கட்டம். இப்படியே விடாமல் பின்னால் போனால் அவன் தானாக மூலைக்குப் போய்ச் சேருவான். மூலைக்குப் போனதும் ராணி அசையக் கூடாது. அங்கேயும் பழக்கதோஷத்தில் ஒரு கட்டம் துரத்தினால் தீர்ந்தது கதை. அவனுக்கு செக்கும் இருக்காது, நகர இடமும் இருக்காது. சட்டப்படி அது டிரா. துரத்துகிற குஷியில் கடுகு அந்த ஒரு கட்டத்தை ஒவ்வொரு தடவையும் துரத்திவிடுவாள்.

போட்டி நாளன்று காலையில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "மிஸ், இன்னைக்கும் ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டேன்னா, போர்டையும் காயையும் தம்பிக்குக் கொடுத்துடுவேன். இனிமே வர மாட்டேன்."

"தம்பி என்ன பண்ணுவான்?"

"குதிரையை எல்லாம் பக்கெட்ல போட்டுக் குளிப்பாட்டுவானாம். சாயங்காலம் பை எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்கான்."

நான் சிரிக்கவில்லை. கடுகு சொன்னால் செய்கிற ரகம்.

அன்றைக்கென்று அத்தையும் கூட வந்தார். போட்டி நடக்கும் மண்டபத்துக்கு எதிரிலேயே கண் டாக்டர், சாயங்காலம் அவரைக் கூட்டிப்போவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் நாற்காலி ஆடுகிறது என்றார், ஃபேன் தப்பான இடத்தில் இருக்கிறது என்றார், மைக்கில் பேசுகிறவர் வாய்க்குள்ளேயே பேசுகிறார் என்றார். மூன்றும் உண்மை.

மத்தியான இடைவேளையில்தான் குட்டு உடைந்தது. எங்கள் வகுப்பில் ஒரு பையன், எதற்கெடுத்தாலும் வாதாடுவான் என்பதால் வக்கீல் என்று பெயர். அவன் அத்தையைச் சுற்றி ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு, "நீங்கதான் அந்த அத்தையா?" என்றான்.

"எந்த அத்தை?"

"எதைப் பார்த்தாலும் குறை சொல்வாங்களே, அந்த அத்தை. மிஸ் சொல்லிக்கொடுத்திருக்காங்க. நாங்க ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் உங்களைத்தான் நினைச்சுக்குவோம்."

மற்ற பிள்ளைகளும் வந்து மொய்த்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளை அத்தையின் கையைத் தொட்டுப் பார்த்தது. எல்லோருக்கும் பக்திதான். ஆனால் அத்தை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"கொஞ்ச நாளாத்தான் அத்தை. பிள்ளைங்களுக்கு ரொம்ப உபயோகமா..."

"சரிம்மா" என்றார். என்னை அத்தை 'அம்மா' போட்டுப் பேசினால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். "ஊரே அப்படி நினைக்குதுன்னா நான் ஏன் வாயைத் திறக்கணும்? இனிமே எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

சொன்னபடி செய்தார். மெஷின் காபியை நீட்டினேன். சுடுதண்ணீருக்குக் காபித்தூளைத் தூரத்திலிருந்து காட்டியது போல இருந்தது. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, "வசதியா இருக்கு" என்றார். நான் அவரைக் கிண்டல் செய்ய நினைக்கவில்லை, அவரை நம்பித்தான் அந்தக் கேள்விகளை எடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடைசிச் சுற்றுக்கு மணி அடித்துவிட்டது.

கடுகுக்கு எதிரில், அவளைவிட ஒரு தலை உயரமான கண்ணாடி போட்ட பையன். நாங்கள் எல்லோரும் கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் நிற்கவேண்டும். பேசக் கூடாது, சைகை கூடாது. அத்தையும் என் பக்கத்தில் வந்து நின்றார். கடுகு உட்கார்ந்த இடத்திலிருந்து தலை நிமிர்ந்தால் நேராக அத்தைதான் தெரிவார்.

ஆட்டம் கடுகு கைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. அவனுடைய யானையைக் குதிரையால் அமுக்கினாள். மிச்சமிருந்த சிப்பாயைத் தள்ளித் தள்ளிக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் ராணியாக்கினாள். ராணியும் ராஜாவும் இவளிடம், அவனிடம் தனி ராஜா. எங்கே அவள் சறுக்குவாளோ அதே இடத்துக்கு வந்து நின்றோம்.

அவள் துரத்த ஆரம்பித்தாள். அவன் ஒரு கட்டம், ராணி ஒரு கட்டம். கடிகாரத்தைத் தட்டுகிற சத்தம் டக் டக்கென்று வேகம் பிடித்தது. கை தொடைக்கு அடியிலிருந்து எப்போதோ வெளியே வந்துவிட்டது. அவன் கடைசி வரிசையில் நகர்ந்து நகர்ந்து, மூலைக்குள் புகுந்தான்.

கடுகின் கை பாய்ந்தது. விரலுக்கும் ராணிக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி. அந்த நேரத்தில், வகுப்பில் அத்தையை நினைத்துக்கொள்ளும் பழக்கத்தில் அவள் தலை நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள்.

நானும் திரும்பினேன். அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய, பல் வரிசை மொத்தமும் தெரிய, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தலையை வேறு ஆட்டிக்கொண்டிருந்தார். நான் பிறந்ததிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. நடுவர்கூட சந்தேகமாக ஒரு பார்வை பார்த்தார். எனக்கு உயிர் போய்விட்டது. அத்தையே சரி என்று சொல்லிவிட்டாரே, இனி இவள் எதற்காக நிற்கப்போகிறாள்?

கடுகு அத்தையைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். மறுபடி அத்தையைப் பார்த்தாள். பிறகு கையை மெதுவாக இழுத்துக்கொண்டு, இரண்டையும் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் உட்கார்ந்தாள்.

அவள் அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததே இல்லை. எதிரில் இருந்த பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். வக்கீல் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். கடைசியில் கடுகு ஒரு கையை வெளியே எடுத்து, ராணியைத் தொடாமல் தாண்டிப் போய், தன் ராஜாவை ஒரு கட்டம் முன்னால் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ராணி இருந்த இடத்திலேயே இருந்தது, ராஜா பொடிநடையாக வந்து சேர்ந்தது, செக்மேட். பையன் கைகொடுத்தான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அதை மறைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

கடுகு வெளியே வந்ததும் கேட்டேன். "எப்படிடா நின்ன?"

"அத்தையைப் பார்த்தேன் மிஸ். ஒரு குறையும் சொல்லாம சிரிக்கிறாங்க. என் ஆட்டத்துல ஒரு குறையும் இல்லாம எப்படி இருக்கும்? அவங்க சொல்லலேன்னதும் நானே தேட ஆரம்பிச்சேன். கிடைச்சுது."

அத்தை உதட்டை இறுக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். "நான் நல்லாத்தானே சிரிச்சேன்?"

"ரொம்ப பயமா இருந்துச்சு அத்தை" என்றாள் கடுகு.

அப்போது வாசலில் அவளுடைய அம்மாவும் தம்பியும் வந்தார்கள். தம்பி சொன்னபடியே ஒரு காலிப் பையைக் கொண்டுவந்திருந்தான். அவனைவிடப் பெரிய பை. வந்ததும் பையின் வாயை அகலமாகத் திறந்து பிடித்து, "குதிரை போடு" என்றான்.

"கிடையாது. நான்தான் ஆடப்போறேன்."

அவன் உதடு பிதுங்கியது. அடுத்த நொடி மண்டபமே அதிர அழ ஆரம்பித்தான். அத்தை தாங்கிப் பார்த்தார். ஒரு காலை மாற்றி நின்றார். காபி நன்றாக இருக்கிறது என்று சொன்ன வாய் எத்தனை நேரம்தான் பொறுக்கும்?

"ஏண்டி, சின்னப் பிள்ளையை இப்படியா அழ விடுறது? இவ்வளவு காய் வச்சிருக்கியே, ஒரே ஒரு குதிரையைக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவ?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடுகு பதில் சொல்ல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நின்றுகொண்டிருந்ததால் உட்கார முடியவில்லை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். யோசித்தாள். பிறகு சொன்னாள்.

"குதிரையைத் தம்பிகிட்ட கொடுத்துட்டா, அது காவல் காத்த சிப்பாயை யார் அத்தை பார்த்துப்பாங்க?"

அத்தை என் பக்கம் திரும்பினார்.

"இந்த வாயை யாருடி இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

நான் கடுகைப் பார்த்தேன். கடுகு அத்தையைப் பார்த்தாள்.

"நீங்கதான்" என்றாள்.

அத்தை குனிந்து, தம்பியின் பையை மடித்து அவன் கையில் கொடுத்தார். பிறகு கடுகின் சட்டையில் தொங்கிய ஒரு நூலைப் பிடித்து அறுத்தார்.